அகலத்துக்கு வோல்ட் செலவில்லை

டெஸ்க்டாப் கணினி அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று யாரிடம் வாயைத் திறந்தாலும் ரேம் பற்றிக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான். "இப்போதைக்கு பதினாறு ஜிபி ஸ்டிக் ஒண்ணு போட்டுக்குங்க சார். ஸ்பீடு மட்டும் அதிகமா பாத்து எடுங்க. பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணிட்டா மிச்சத்தை போர்டே பாத்துக்கும். பின்னாடி காசு வந்ததும் இன்னொண்ணு சேத்துக்கலாம்." ரிச்சி தெருக் கடையில் இதைத்தான் சொல்கிறார்கள். யூடியூபில் கணினி கட்டிக் காட்டும் தம்பிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். அலுவலகத்தில் 'சிஸ்டம் தெரிந்தவர்' என்று பெயரெடுத்தவரும் இதையே திருப்பிச் சொல்வார்.

இதில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன, நான்கும் தவறு என்பது என் கட்சி. சிக்கனம் போலத் தோன்றும் இந்த யோசனை உண்மையில் ஒரு மோசமான பண்டமாற்று. ரேமிலிருந்து பிராசசருக்குத் தரவு வருவதற்கு இரண்டு வழிகளில் வசதி செய்யலாம்: பாதையை அகலப்படுத்தலாம், அல்லது அதே பாதையில் வேகத்தைக் கூட்டலாம். அகலப்படுத்த ஒரு மில்லிவோல்ட்கூடக் கூடுதலாகத் தேவையில்லை. வேகத்தைக் கூட்ட வோல்டேஜ் ஏற வேண்டும், அதனோடு சூடும் ஏறும், பிழைக்கான வாய்ப்பும் ஏறும். கடைக்காரரின் யோசனை இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, விலை கொடுக்க வேண்டியதைத் தேடிப் போகச் சொல்கிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு மெமரி சேனலின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட்டு. டிடிஆர்5 4800 என்றால் விநாடிக்கு 480 கோடி முறை அந்த 8 பைட்டு கை மாறுகிறது. ஒரு சேனலுக்கு 38.4 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டு இரண்டு சேனலையும் திறந்தால் 76.8 ஜிபி. இது ஜெடெக் தரநிலை சொல்லும் 1.1 வோல்ட்டில், எதையும் ஆன் செய்யாமல், பயாஸ் பக்கமே போகாமல் கிடைப்பது. இப்போது பெட்டியில் பெரிய எழுத்தில் 6400 என்று போட்ட ஒற்றை ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எக்ஸ்எம்பி, அதாவது அந்த வேகத்துக்காக ஸ்டிக்கிலேயே எழுதிவைத்த அமைப்பு, கேட்கும் வோல்டேஜ் பல கிட்டுகளில் 1.35 அல்லது 1.4. கிடைப்பது 51.2 ஜிபி. ஆசைப்பட்டு 8000க்கே போனாலும் 64 தான். கடையில் இருப்பதிலேயே சாதாரணமான ஜோடியை, தலைகீழாக நின்றாலும் அந்த ஒற்றை ஸ்டிக் எட்டிப் பிடிக்காது.

ரேஷன் கடையில் கூட்டம் நெரிந்தால் இரண்டாவது தராசு போடுவார்கள். இருக்கிற ஒரே எடையாளரை ஓட ஓட விரட்டுவதில்லை. விரட்டினால் எடை தப்பும். ரேமிலும் தப்புகிறது. சிப்பின் இயங்கு மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பது பள்ளிப் பாடம். 1.1 ஐ 1.4 ஆக்கினால் வேகம் மாறாமல் இருந்தாலே மின்செலவு 60 சதவீதத்துக்கு மேல் ஏறும். வேகமும் சேர்ந்து ஏறினால் இன்னும் மேலே.

வேக எண்ணின் கவர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேமுக்குப் படிக்கும் கட்டளை போனதிலிருந்து முதல் தரவு வரும் வரை காத்திருக்கும் நேரம் அந்தப் பெரிய எண்ணில் இல்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சிஎல் மதிப்போடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். டிடிஆர்4 3200 சிஎல்16 ஸ்டிக்கில் அது 10 நானோவிநாடி. டிடிஆர்5 6000 சிஎல்30 ஸ்டிக்கிலும் அதே 10. டிடிஆர்5 4800 சிஎல்40 என்றால் கிட்டத்தட்ட 16.7. எண் மட்டும் பார்த்து வாங்குபவர் இந்த மூன்றையும் எப்படி வரிசைப்படுத்துவார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு துருப்புச் சீட்டை இறக்கும். "டிடிஆர்5ல ஒரே ஸ்டிக்லயே டூயல் சேனல் இருக்கு சார்." அரைகுறை உண்மை என்பதால்தான் இது இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. டிடிஆர்5 ஸ்டிக்குக்குள் இரண்டு உட்சேனல்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் 32 பிட் அகலம்தான். கூட்டினால் பழைய 64. ஒரு அறையின் நடுவே தடுப்பு வைத்ததால் வீடு பெரிதாகிவிடவில்லை. உட்சேனல் பிரிப்பால் கோரிக்கைகளை ஒழுங்காக நிரல்படுத்த முடிகிறது, அது நல்ல விஷயம், ஆனால் அகலம் கூடவில்லை. சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தில் சேனல் என்ற வரியைப் படித்துப் பாருங்கள். ஒற்றை டிடிஆர்5 ஸ்டிக் போட்ட கணினியில் '2 x 32 பிட்' என்று காட்டும். அந்த இரண்டைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜோடி போட்ட கணினியில் அதே வரி '4 x 32 பிட்' என்று நிற்கும். அந்த நான்கு வராதவரை உங்கள் பிராசசருக்கு ஒரு கை கட்டப்பட்டிருக்கிறது.

"பின்னாடி சேத்துக்கலாம்" என்பதற்கு வருவோம். எல்லோரையும் விழ வைப்பது இந்த வாக்கியம்தான். ஒரு வருடம் கழித்து அதே கம்பெனி, அதே மாடல் ஸ்டிக்கைத் தேடிப் போகிறீர்கள். பெயர் அதேதான் இருக்கும். உள்ளே இருக்கும் சிப் அதேதான் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஒரே மாடல் எண்ணில் முதலில் ஒரு நிறுவனத்தின் சிப்பும் பிறகு இன்னொரு நிறுவனத்தின் சிப்பும் வருவது இந்தத் தொழிலில் சகஜம். சாம்சங் சிப்புக்கு ஒத்துவரும் டைமிங் மைக்ரான் சிப்புக்கு ஒத்துவராது. போட்டால் கணினி எழும்பக்கூடும். எக்ஸ்எம்பி ஆன் செய்ததும் தடுமாறும். ஸ்டிக் தயாரிப்பாளர்களே தனித்தனிக் கிட்டுகளைக் கலக்காதீர்கள் என்று சொல்வது விற்பனைத் தந்திரம் மட்டுமல்ல. இரண்டையும் ஜோடியாக அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

அளவு மாறினாலும் இதே கதை. 8 ஜிபியோடு 16 ஜிபியைச் சேர்த்தால் இன்டெல் போர்டுகள் இரண்டு பக்கத்திலும் 8, 8 ஆக எடுத்து இரட்டைச் சேனலாக ஓட்டும்; மிச்சமுள்ள 8 ஜிபி ஒற்றைச் சேனலில் ஓடும். ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் எந்தத் தகவல் எந்தப் பகுதியில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வகை ஆசை, நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவது. ஸ்லாட் நான்கு என்றால் சேனலும் நான்கு என்று நம்புவோர் இன்றும் உண்டு. சாதாரண டெஸ்க்டாப் பிராசசரில் சேனல் இரண்டுதான். ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஸ்லாட் தொங்குகிறது, அவ்வளவே. நான்கு போட்டால் அகலம் கூடாது, கன்ட்ரோலரின் தலையில் சுமை மட்டும் கூடும். ஏஎம்டி இதை ஒளிக்கவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600. முதலாவதில் 83.2 ஜிபி, இரண்டாவதில் 57.6. வண்ண விளக்கு எரியும் நான்கு ஸ்டிக்கை வரிசையாக நிறுத்தி அழகு பார்ப்பதற்கு இவ்வளவு விலை. 24 ஜிபி, 48 ஜிபி அளவுகளிலும் டிடிஆர்5 ஸ்டிக் வந்துவிட்ட பிறகு, 96 ஜிபி வரை வேண்டுமென்றாலும் இரண்டே போதும்.

இரண்டு ஸ்டிக்கை வாங்கியும் தவறாகப் போட்டவர்கள் தனி ரகம். பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டிக் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி, பிராசசர் பக்கமிருந்து முதலாவது இரண்டாவது ஸ்லாட்டில் நின்றால், பெரும்பாலான போர்டுகளில் அவை இரண்டும் ஒரே சேனலில் இருக்கின்றன. இரண்டாவதும் நான்காவதும்தான் சரி. போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். ஏன் ஒன்றும் மூன்றும் கூடாது? இன்றைய பெரும்பாலான போர்டுகளில் ஒரு சேனலின் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு போய் இரண்டாவதில் முடிகிறது. முடிவிலுள்ள ஸ்லாட் காலியாக இருந்தால் அந்த வால் துண்டில் சிக்னல் மோதி எதிரொலிக்கும். வேகம் குறைவாக இருக்கையில் இது பெரிதாகத் தெரியாது. 6000 தொடும்போது தெரியும். அசெம்பிள் செய்து கொடுத்தவர் கூலர் மின்விசிறி இடிக்கிறது என்று ஸ்டிக்கை ஒரு ஸ்லாட் தள்ளி மாட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. பாவம், அந்தக் கணினி பல வருடம் அப்படியே ஓடும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி அள்ளிக்கொண்டு போகப்பட்டதால் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் பெயரிலான சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு ஸ்டிக்குக்குத்தான் பணம் இருக்கிறது என்பவரிடம் நான் வம்புக்குப் போகமாட்டேன். டாலியும் எக்செலும் மட்டும் ஓடும் கணினியில் ஒற்றைச் சேனலின் குறை கண்ணில் படாது. 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகளில் பொதுவாகப் பதினாறு பிட் அகலச் சிப்புகள்தான் இருக்கும். அவற்றில் பேங்க் குழுக்கள் எனும் உட்பிரிவுகள் பாதி என்பதால் 8, 8 ஜோடி எதிர்பார்த்த அளவு துள்ளாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே கோர்ச் சில்லு உள்ள ரைசன் 7000 பிராசசர்களில் அந்தச் சில்லுக்குள் நுழையும் இணைப்பு ஒரு துடிப்புக்கு 32 பைட்டு மட்டுமே படிக்கும். 2000 மெகாஹெர்ட்ஸில் அது 64 ஜிபி. ஆகவே 6000 வேக ஜோடி விநாடிக்கு 96 ஜிபி கொடுத்தாலும் கோர்களுக்கு முழுவதும் போய்ச் சேராது.

ஆனால் கடைசியாகச் சொன்னது யாருக்குச் சாதகம்? வேகத்தை ஏற்று ஏற்று என்பவருக்குத்தான் அது பாதகம். இரண்டு சேனலில் 4800இலேயே அந்த 64ஐத் தாண்டியாகிவிட்டது. அதோடு தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளை மறந்துவிடக் கூடாது. நம் ஊர் வீடுகளில், சிறு அலுவலகங்களில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பித்தான் பெரும்பாலானவை ஓடுகின்றன. அதற்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் உறிஞ்சுகிறது; அந்த 64 ஜிபி தடையும் அதற்கு இல்லை. கார்டு வாங்கக் காசில்லை என்பதால் உள்கிராபிக்ஸ் பிராசசரை எடுத்தவருக்கு, சிக்கனம் என்ற பெயரில் ஒற்றை ஸ்டிக்கையும் தள்ளிவிடுவது அவர் வாங்கியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்வதற்குச் சமம். எவருக்கு இந்த அறிவுரை அதிகம் வழங்கப்படுகிறதோ அவருக்குத்தான் அது அதிகம் கேடு செய்கிறது.

இனி வோல்டேஜ். "பெட்டியிலேயே 1.4னு போட்டிருக்கு சார், கம்பெனிக்காரன் தெரியாமலா போடுவான்?" கம்பெனிக்காரர் தெரிந்துதான் போடுகிறார். ஆனால் அவர் பேசுவது தன் ஸ்டிக்கைப் பற்றி மட்டும். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்பவை ஸ்டிக்கிலுள்ள பொடிச் சிப்பில் எழுதிவைத்த அமைப்பு விவரங்கள். தரவுப் பாதையின் மறுமுனையில் மெமரி கன்ட்ரோலர் இருக்கிறது. அது இருப்பது பிராசசருக்குள். பிராசசர் செய்தவர் அந்தப் பெட்டியில் கையெழுத்துப் போடவில்லை. சொல்லப்போனால் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே இந்த அமைப்புகளை ஓவர்க்ளாக்கிங் என்றுதான் வகைப்படுத்துகின்றன. அவற்றை இயக்கினால் பிராசசரின் வாரண்டி பாதிக்கப்படலாம் என்று பொடி எழுத்தில் எச்சரிக்கையும் வைத்திருக்கின்றன.

பெட்டியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 நல்ல பாடம். அதுவரை இன்டெல் கணினிகளில் மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. வேகப் பிரியர்களுக்கான டிடிஆர்3 கிட்டுகளில் 1.8, 2.0 வோல்ட் என்று பெருமையாக எழுதி விற்றார்கள். தரநிலை சொன்னது 1.5. அந்த ஆண்டு நவம்பரில் முதல் கோர் ஐ7 வந்தது. கன்ட்ரோலர் பிராசசருக்குள் குடியேறியது. உடனே இன்டெல் எச்சரித்தது: ரேம் வோல்டேஜ் 1.65ஐத் தாண்டினால் பிராசசர் நிரந்தரமாகக் கெடலாம். ரேம் ஸ்லாட்டின் மேல் அந்த எச்சரிக்கையை ஸ்டிக்கராகவே ஒட்டி விற்கப்பட்ட போர்டுகள் உண்டு. நேற்றுவரை பெட்டியில் 2.0 என்று சொன்ன ஸ்டிக் பொய் சொல்லவில்லை. அது தாங்கும். ஆனால் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர் தாங்கமாட்டார்.

பதினைந்து வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், கிட்டத்தட்ட அதே நாடகம் மறுபடி அரங்கேறியது. ரைசன் 7 7800எக்ஸ்3டி சந்தைக்கு வந்த சில வாரங்களில் பிராசசரின் அடிப்பாகம் உப்பிக் கருகிய படங்கள் வரத் தொடங்கின. எக்ஸ்போவை ஆன் செய்ததும் பல போர்டுகள் ரேமின் வோல்டேஜோடு நிறுத்தாமல், பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜையும் தாமாகவே தாராளமாக ஏற்றிவைத்திருந்தன. ஏஎம்டி புதிய ஃபர்ம்வேர் விட்டு அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு போட்டது. கருகிய கணினிகளின் சொந்தக்காரர்கள் விஷப்பரீட்சை செய்தவர்கள் அல்லர். பயாஸில் ஒரே ஒரு சுவிட்சைத் தட்டினார்கள். 'மிச்சத்தை போர்டே பாத்துக்கும்' என்ற நம்பிக்கையோடுதான் தட்டினார்கள்.

போர்டு ஏன் அப்படிச் செய்கிறது என்பதும் புரியக்கூடியதே. கணினி எழும்பவில்லை என்றால் வாடிக்கையாளர் போர்டைத் திட்டுவார். மூன்று வருடம் கழித்து பிராசசர் சோர்ந்துபோனால் போர்டைச் சந்தேகிக்கமாட்டார். அதனால் 'ஆட்டோ' என்ற அமைப்பு எப்போதும் எழும்பும் பக்கமே சாய்கிறது. ஆயுளைப் பற்றிய கவலை அதன் கணக்கில் இல்லை.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது 'பாதுகாப்பான வோல்டேஜ்' அட்டவணைகள். டிடிஆர்4க்கு 1.5 வரை தினசரி ஓட்டலாம், டிடிஆர்5க்கு 1.45 வரை கவலையில்லை என்று ஒருவர் எழுத, நூறு பேர் ஒப்பிக்கிறார்கள். ஜெடெக் என்ன சொல்கிறது? டிடிஆர்4 இயங்க வேண்டியது 1.14க்கும் 1.26க்கும் இடையில். 1.5 என்பது அதற்கு மேல் தொட்டாலே சேதமாகலாம் என்ற எல்லை. அங்கே ஓட்டலாம் என்ற அனுமதி அல்ல. சாம்சங்கின் பி-டை சிப் 1.5இல் வருடக்கணக்கில் ஓடுகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அது அந்தச் சிப்பின் குணம். உங்கள் ஸ்டிக்கில் இருப்பது அதுதானா? சிப்பின் ஆயுள் என்பது வோல்டேஜ், சூடு, காலம் மூன்றும் சேர்ந்து தீர்மானிப்பது. இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் சாவு என்று நடுவில் கோடு போட முடியாது.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் கடைசி வாதம். ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? வீட்டுக் கணினியில் பெரும்பாலும் பிழை திருத்தும் இசிசி ரேம் இல்லை. பிழை நடந்தால் எண்ணிச் சொல்ல அங்கே ஆளே இல்லை. எண்ணிப் பார்த்த இடத்தில் என்ன கிடைத்தது? கூகுள் தன் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து, டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளருடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகளில் பிழை பதிவானது. குளிரூட்டிய கூடத்தில், யாரும் வேகத்துக்காக முடுக்கிவிடாத ரேம் அது. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழைத்திருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சிப்பின் உள்ளே நடப்பதை மட்டும் திருத்தும். சிப்புக்கும் பிராசசருக்கும் நடுவே வழியில் கெட்டுப்போனதை அதனால் பார்க்கவே முடியாது. வேகத்தை ஏற்றும்போது கெடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

நம் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். சூடு ஏற ஏற அது சீக்கிரம் கசிகிறது. 85 டிகிரிக்கு மேல் போனால் புதுப்பிக்கும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது ஜெடெக் விதி. டிசம்பர் இரவில் சோதித்து 'கல்லு மாதிரி நிக்குது' என்று சான்றிதழ் கொடுத்த அமைப்பு, ஏசி இல்லாத வேலூர் அறையில் மே மாத மதியம், கிராபிக்ஸ் கார்டின் அனல் மேலே அடிக்கும்போது அதே மாதிரி நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மெம்டெஸ்ட்86+ இலவசம். ஒரு பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடுங்கள். கோடையில் இன்னொரு முறை. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோற்றது என்றே பொருள். 'ஒண்ணுதானே' என்று விட்டால் அந்த ஒன்று என்றைக்காவது கல்யாணப் படத்தின் மீதோ கணக்குப் புத்தகத்தின் மீதோ விழும்.

என்னைக் கேட்டால் வரிசையே வேறு. முதலில் ஒரே பெட்டியில் வரும் இரண்டு ஸ்டிக் கிட். அதை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டி, சேனல் வரியைப் படித்து உறுதி செய்வது. பிறகு எதையும் தொடாமல் தரநிலை வோல்டேஜிலேயே சில நாள் ஓட்டிப் பார்ப்பது. பலருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். போதவில்லை என்பவர் எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ ஆன் செய்யட்டும், ஆனால் செய்த கையோடு பயாஸில் பிராசசர் பக்க வோல்டேஜ்களைப் படிக்கட்டும். ரைசன் 7000 பொருத்தும் ஏஎம்5 போர்டில் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐ ஒட்டி நின்றால் கையால் 1.2, 1.25 என்று இறக்கிப் பார்க்கலாம். 6000க்குப் பெரும்பாலும் அதுவே போதும். பத்து நாளைக்கு ஒரு முறை நீலத்திரை எட்டிப் பார்த்தால் உடனே வோல்டேஜை ஏற்றச் சொல்லித்தான் எல்லோரும் யோசனை சொல்வார்கள். அதற்கு முன் வேகத்தை 5600க்கு இறக்கிப் பார்க்கலாம். இரண்டு சேனல் இருப்பவருக்கு அந்த இறக்கத்தில் 96 ஜிபி 89.6 ஆகும், அவ்வளவுதான்.